பழைய ஃபைபர் படகு வாங்கும்போது பணம் எங்கே ஒழுகுகிறது

பொழுதுபோக்காகத் தூண்டில் போடப் படகு தேடுபவர்கள் முதலில் படகைத்தான் பார்க்கிறார்கள். அதை எந்தத் தண்ணீரில் இறக்குவது என்ற யோசனை பிறகுதான் வருகிறது. அடி தட்டையான 12 அடிப் படகு பழவேற்காடு ஏரியில் சுகமாக நிற்கும். அதையே சென்னை, கடலூர் கரைகளில் அலை உடையும் இடத்தில் தள்ளினால், அணியம் (படகின் முன்பகுதி) எழும்புவதற்குள் தண்ணீர் உள்ளே ஏறிவிடும். அங்கே மீனவர்களின் படகுகள் நீண்டு, மூக்கு உயர்ந்து இருப்பது அழகுக்காக அல்ல. ஆனால் அந்த அளவுப் படகை மணலில் ஏற்ற நாலு ஆளோ டிராக்டரோ வேண்டும். தனியாகப் போகிறவருக்கு அது சரிப்படாது.

பளபளக்கும் பெயின்ட்டைப் பார்த்து விலை பேசுவது அடுத்த தவறு. பார்க்க வேண்டிய இடம் இன்ஜின் மாட்டும் பின்பலகை. பெரும்பாலும் உள்ளே பிளைவுட், வெளியே ஃபைபர். திருகு போட்ட ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் இறங்கி, மரம் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது. சுத்தியலின் மரப்பிடியால் பலகை முழுக்கத் தட்டுங்கள். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்கும்; உளுத்த இடம் மந்தமாகச் சத்தமிடும். இன்ஜினின் கீழ்ப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் பலகை வளைகிறதா, மூலைகளில் விரிசல் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் அந்தப் படகை விட்டுவிடலாம். பலகை மாற்ற ஆகும் செலவில் பேரம் பேசிய லாபமெல்லாம் போய்விடும்.

இன்ஜினைத் தனியாக மலிவாக வாங்குபவர்கள் ஷாஃப்ட், அதாவது புரொப்பெல்லரை நோக்கிக் கீழே இறங்கும் தண்டு, எவ்வளவு நீளம் என்று கவனிப்பதில்லை. குட்டை ஷாஃப்ட் 15 அங்குலம், நீளமானது 20. பலகையின் மேல்விளிம்பிலிருந்து படகின் அடிவரை அளந்து அதற்கேற்ப எடுக்க வேண்டும். உயரமான பலகையில் குட்டை ஷாஃப்ட் மாட்டினால் புரொப்பெல்லர் காற்றை இழுத்து வெறுமனே சுழலும். குளிர்விக்கும் தண்ணீரும் சரியாக ஏறாமல் இன்ஜின் சூடாகும்.

விற்பவர் நீங்கள் வருமுன் இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கலாம், தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதுதான் கணக்கு. ஓடும்போது இன்ஜினின் பக்கவாட்டிலுள்ள துளையில் குளிர்விக்கும் தண்ணீர் இடைவிடாமல் பீய்ச்ச வேண்டும். நின்று நின்று வந்தால் அந்தத் தண்ணீரை ஏற்றும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம் அல்லது உப்பு அடைத்திருக்கலாம். முன்னது சின்னச் செலவு. கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. அது சின்னச் செலவாக முடியாமலும் போகலாம்.

படகு எவ்வளவு எடை தாங்கும் என்று கணக்குப் போடும்போது ஆட்களை மட்டும் எண்ணுகிறார்கள். மூன்று பேர் 210 கிலோ என்றால், 9.9 குதிரைத்திறன் இன்ஜின் சுமார் 40, பெட்ரோல் 25 லிட்டருக்கு 18, ஐஸ் பெட்டி, நங்கூரம், கயிறு என்று 300 கிலோவைத் தாண்டிவிடும்.

அந்த அளவு ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 4 லிட்டர் குடிக்கும். 12 லிட்டர் டாங்கில் மூன்று மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, இருப்பு ஒரு பங்கு. ஆகப் போவதற்கு ஒரு மணி நேரம்தான். பிற்பகலில் கடல்காற்று ஏறும்போது அந்த இருப்பின் அருமை தெரியும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் டாங்கில் விட்டுவைக்கக் கூடாது.

கையிலுள்ள பணம் முழுவதையும் படகில் போட்டுவிட்டு லைஃப் ஜாக்கெட்டுக்கும் நங்கூரக் கயிற்றுக்கும் திண்டாடுகிறவர்கள் நிறைய. கயிறு ஆழத்தின் 5 மடங்காவது வேண்டும். அணியத்தில்தான் கட்ட வேண்டும். இன்ஜின் கனத்தால் தாழ்ந்திருக்கும் பின்பக்கம் கட்டினால் அலை நேரே உள்ளே வரும். கடலோரக் காவல்படையின் உதவி எண் 1554 போனில் இருக்கட்டும்.

முன்பணம் கொடுக்குமுன் முழுச் சுமையுடன் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். கரையேறியதும் அடியிலுள்ள வடிகால் அடைப்பைக் கழற்றி, எவ்வளவு தண்ணீர் வடிகிறது என்று நின்று கவனியுங்கள்.