கார் கண்ணாடியைக் கோடு விழாமல் துடைக்க

துடைத்து முடித்ததும் நிழலில் கண்ணாடி பளிச்சென்றுதான் இருக்கும். மாலை வெயில் நேரே அடிக்கும்போதோ, இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு படும்போதோதான் வளைவு வளைவாகக் கோடுகள் தெரியும். அவை பெரும்பாலும் போகாமல் நின்ற அழுக்கு அல்ல. நாம் அடித்த திரவமும் துடைத்த துணியும் விட்டுப்போனவை. அதனால் மறுபடி திரவம் அடித்து அழுத்தித் தேய்த்தால் கோடு கூடுமே தவிர குறையாது.

முதலில் துணி. பழைய பனியன் துணியும் துண்டும் பஞ்சு உதிர்க்கும். செய்தித்தாளின் மை கதவோர ரப்பரிலும் கைப்பிடியிலும் ஒட்டும். இழை குட்டையான, கட்டம் கட்டமாக நெய்த மைக்ரோஃபைபர் துணி மூன்று வேண்டும்: அழுக்கெடுக்க ஒன்று, திரவம் போட்டுத் துடைக்க ஒன்று, உலரத் துடைக்க ஒன்று. துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் சேர்க்கவே கூடாது. அது இழைகளின் மேல் மெழுகுபோல் படிந்து, அடுத்த முறை கண்ணாடிக்கு வந்துவிடும். பாடி பாலிஷ் துடைத்த துணிக்கும் கண்ணாடியில் வேலை இல்லை.

திரவத்தை வீட்டிலேயே கலக்கலாம். 70 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் 250 மில்லி, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் 250 மில்லி, வெள்ளை வினிகர் ஒரு மேசைக்கரண்டி. குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்பு, தண்ணீர் காய்ந்தபின் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும், ஆகவே அருகில் நெருப்பு இருக்கக் கூடாது. உள்ளே துடைக்கும்போது கதவுகளைத் திறந்து வையுங்கள். கடையில் வாங்குவதானால் அம்மோனியா இல்லாததைப் பாருங்கள். சன் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியில் அம்மோனியா பட்டால் நாளடைவில் ஃபிலிம் கெடும்.

வண்டியை நிழலில் நிறுத்தி, கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் ஆறும்வரை காத்திருங்கள். சுடும் கண்ணாடியில் திரவம் துணி படுமுன்பே காய்ந்து, அங்கேயே திட்டாகிவிடும். வண்டி கழுவுவது, டேஷ்போர்டு துடைப்பது எல்லாம் முடிந்த பிறகு கண்ணாடிக்கு வருவதுதான் சரியான வரிசை.

வெளிப்பக்கத்தில் தூசியை ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள். காய்ந்த மணலோடு தேய்த்தால் கீறல் விழும். பிறகு துணியை நான்காக மடித்து, அதன்மேல் இரண்டு மூன்று முறை ஸ்ப்ரே அடித்து, பாதிக் கண்ணாடியை மட்டும் துடையுங்கள். ஈரம் தானாகக் காயும் முன் உலர்துணியால் எடுத்துவிட்டு மறுபாதிக்குப் போங்கள். இரண்டு மூன்று வீச்சுக்கு ஒருமுறை துணியின் புது மடிப்புக்கு மாறுவது முக்கியம். ஒரே பக்கத்தால் முழுக் கண்ணாடியையும் துடைப்பது, எடுத்த அழுக்கை எல்லா இடத்துக்கும் பரப்புவதுதான்.

வெளியே மேலிருந்து கீழாக, உள்ளே இடமிருந்து வலமாகத் துடையுங்கள். பிறகு ஒரு கோடு கண்ணில் பட்டால், நின்றிருந்தால் வெளியே, படுத்திருந்தால் உள்ளே. எந்தப் பக்கம் என்று தேடும் நேரம் மிச்சம். கதவுக் கண்ணாடிகளை இரண்டு அங்குலம் இறக்கி, மேல் விளிம்பைத் தனியாகத் துடையுங்கள். ரப்பருக்குள் ஒளிந்திருக்கும் அந்த ஓரத்தில்தான் கறுப்பு அழுக்குக் கோடு தங்கும்.

உள்பக்கத்து முன்கண்ணாடிதான் பொறுமையைச் சோதிக்கும். வெயிலில் சூடேறும் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் ஆவி கண்ணாடியில் எண்ணெய்ப் படலமாகப் படியும். விரலால் இழுத்தால் தடம் தெரியும். சிலிக்கோன் கலந்த டேஷ்போர்டு பாலிஷ் இதை இன்னும் கூட்டும். ஒரு தடவை துடைத்தால் இந்தப் படலம் நகருமே ஒழியப் போகாது. இரண்டாம் சுற்றுக்குப் புதுத் துணி எடுங்கள். ஸ்டீயரிங் இல்லாத பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பி, புறங்கையால் துணியைக் கண்ணாடியோடு அழுத்தினால் டேஷ்போர்டைத் தொடும் அடிமூலை வரை எட்டும். திரவத்தைத் துணியில்தான் அடிக்க வேண்டும். கண்ணாடியில் அடித்தால் வழிந்து ஸ்பீக்கருக்கும் சுவிட்சுகளுக்கும் போகும். பின்கண்ணாடியில் டீஃபாகர் கம்பிகள் (ஈரப்படலத்தைப் போக்கச் சூடேறும் மெல்லிய கோடுகள்) இருந்தால் அவற்றின் போக்கிலேயே மெதுவாகத் துடையுங்கள். அங்கே பிளேடு ஆகாது.

இத்தனைக்கும் பிறகு வெளிப்பக்கம் மங்கலாகவே இருக்கிறதா? கையை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, துடைத்த கண்ணாடியில் வருடுங்கள். மணல்தாள்போல் நறநறத்தால் ஏதோ ஒட்டியிருக்கிறது. சோப்புத் தண்ணீர் தெளித்து, கார் சுத்தம் செய்யவென்றே விற்கும் களிமண் கட்டியை (கிளே பார்) அழுத்தாமல் வழவழப்பாகும்வரை தேய்க்கலாம். வெள்ளை உப்புக் கறைக்கு வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து, நனைத்த துணியைச் சில நிமிடம் போர்த்தி வைத்துத் துடைத்துக் கழுவுங்கள். கறை கண்ணாடியையே அரித்திருந்தால் வினிகருக்கு மசியாது. கண்ணாடியை மெருகேற்றும் சீரியம் ஆக்சைடு பாலிஷ்தான் வழி.

கடைசியாக வைப்பர். ஆல்கஹால் நனைத்த துணியை ரப்பர் விளிம்பில் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுங்கள். முதல் இழுப்பில் கரியாக வரும். துணி சுத்தமாக வரும்வரை தொடருங்கள். அதன் பிறகும் ஒரே இடத்தில் கோடு போட்டால் ரப்பர் அங்கே கிழிந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள்.