அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் உணவுச் சரக்கு அனுப்பும் முன்

கலப்பட உணவைத் தெரியாமல் அனுப்பினாலும் அமெரிக்காவில் குற்றம்தான். 1938-ஆம் ஆண்டின் கூட்டாட்சி உணவு, மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டப்படி (Federal Food, Drug, and Cosmetic Act) ஓராண்டு வரை சிறை. ஏமாற்றும் நோக்கம் இருந்தால் மூன்றாண்டு வரை.

ஆகவே சரக்கு வாங்கும்போதே உத்தரவாதக் கடிதம் கேளுங்கள். கொடுப்பவர் அமெரிக்காவில் வசிப்பவராக இருக்க வேண்டும். பெயர், முகவரி, கையெழுத்து மூன்றும் அவசியம். ‘தரமான சரக்கு’ என்ற பொத்தாம்பொதுவான வரி உதவாது. சட்டத்தின் பெயரைச் சொல்லி, அதன்படி கலப்படமற்றது என்று எழுதி வாங்குங்கள். தண்டனையிலிருந்துதான் இது காக்கும், பறிமுதலிலிருந்து அல்ல.

பலர் சறுக்குவது கிடங்கில். அங்கே எலி புகுந்தால் கடிதம் கைகொடுக்காது. பால்டிமோர் கிடங்கில் எலி அண்டியதற்காக நிறுவனத் தலைவரே தண்டிக்கப்பட்டதை 1975-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மூட்டைமேல் எலிப்புழுக்கை கண்டால் அனுப்பாதீர்கள். உள்ளே கெட்டிருக்க வேண்டியதில்லை. மாசுபடக்கூடிய அசுத்தமான இடத்தில் வைத்திருந்ததே குற்றத்துக்குப் போதும்.