ஸ்ட்ரோக் வந்த கை தேறுதா? மூளை-தசை சிக்னல அளக்குறது எப்படி

பிசியோல போடுற ஃபூகல்-மேயர் மார்க் இருக்கே, கைக்கு மொத்தம் 66, அது கை என்ன செய்யுதுன்னு சொல்லும், ஆனா மூளை அனுப்புறது தசைக்குப் போய்ச் சேருதான்னு சொல்லாது. அதுக்கு ஈஈஜியும் (மூளையோட மின் சிக்னல்) ஈஎம்ஜியும் (தசையோட மின் சிக்னல்) ஒரே நேரத்துல எடுத்து ரெண்டும் ஒரே தாளத்துல போகுதான்னு பாக்கணும், கார்ட்டிகோமஸ்குலர் கொஹீரன்ஸ்னு பேரு. வீட்டுல செய்ற வேல இல்லலா, கேஎல்-ல (கோலாலம்பூர்) லேப்லயோ ரிஹேப்லயோ கூட நிக்கிறவங்களுக்குத்தான் எழுதுறேன்.

முதநாளே போன் பண்ணி தலைக்கு எண்ண வேணாம்னு சொல்லிருங்க. நம்ம ஆளுங்க ஆஸ்பத்திரின்னாலே தேங்காயெண்ண தடவி படிய சீவிட்டுத்தான் வருவாங்க, அப்புறம் எவ்ளோ ஜெல் போட்டாலும் இம்பீடன்ஸ், அதாவது தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் நடுவுல இருக்குற மின்தடை, இறங்காது.

முன்கையில விரல மடக்கிப் புடிக்கச் சொல்லி தசை எங்க புடைக்குதுன்னு தொட்டுப் பாத்து, ஆல்கஹால்ல தொடச்சு, தசை ஓடுற வாக்குல ரெண்டு எலக்ட்ரோட் ஒட்டுங்க. வலது கைன்னா தலையில சி3 (தலையோட இடது பக்க எடம்), இடதுன்னா சி4 (வலது பக்க எடம்), ஆனா ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் எடம் மாறலாம், அதனால ரெண்டு பக்கமும் எடுங்க. போன் சார்ஜர கழட்டிருங்க, 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரும். ஏர்கோன் இல்லன்னா வேர்வை, ரொம்ப வச்சா நடுக்கம், ரெண்டும் ஆகாது.

முழு பலத்துல ஒரு தடவ புடிக்கச் சொல்லி அளந்துட்டு, அதுல 10லேர்ந்து 20 சதவீதம் மட்டும் ஆடாம புடிச்சு வைக்கச் சொல்லுங்க, நடுவுல ரெஸ்ட் குடுத்துக் குடுத்து. இங்கதான் கெடும்: வராத கைய வர வைக்க பல்லக் கடிப்பாங்க, தாடை தசை சிக்னல் நேரா ஈஈஜில ஏறிரும். "அங்கிள், வாய லேசா தொறந்தே வைங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். பல்லக் கடிச்ச நேரத்துல பதிவான துண்டெல்லாம் வெட்டிப் போட்டு, சுத்தமான ஒரு வினாடி துண்டு 100 தேத்துங்க.

கொஹீரன்ஸ 15-30 ஹெர்ட்ஸ்ல (பீட்டா அலை) பாருங்க, அதோட நம்பர் 0லேர்ந்து 1 வரைக்கும். 100 துண்டுக்கு 0.03க்கு மேல போனாத்தான் கணக்கு. அதுக்குக் கீழன்னா உடனே வீட்டுக்காரங்ககிட்ட "கனெக்‌ஷன் போச்சு"ன்னு சொல்லிராதீங்க, நல்லா இருக்குறவங்கள்லயே சில பேருக்கு ஒண்ணும் வராது. அடுத்தவங்க நம்பரோட ஒப்பிட வேணாம், அவரோட பழைய நம்பரோட ஃபூகல்-மேயர் மார்க்கையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. எலக்ட்ரோட் எடத்த போட்டோ எடுத்து வைங்க, மருந்தையும் எழுதிக்குங்க, டயஸிபாம் மாதிரி பதட்டத்துக்குக் குடுக்குற மாத்திரை பீட்டா அலையையே மாத்திரும்.