ஐந்து ஸ்டார் காரை மலை ரோட்டுக்கு வாங்குமுன் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

மச்சான் கோத்தகிரியில் புதுக் கார் பார்த்துக்கொண்டிருக்கிறான். "அஞ்சு ஸ்டார் வண்டி, குன்னூர் ரோட்டில் இனி பயமே இல்லை" என்கிறான். அந்த ஸ்டாரை எதற்காகக் கொடுத்தார்கள் என்று முதலில் பாருடா என்றேன்.

2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டிலேயே பாரத் என்கேப் சோதனை, அதாவது காரை மோத விட்டுப் பார்த்து ஸ்டார் கொடுக்கும் சோதனை, நடக்கிறது. காரை 64 கி.மீ. வேகத்தில் கொண்டுவந்து, தேன்கூடு மாதிரி செய்த அலுமினியத் தடுப்பில், ஓட்டுநர் பக்க முகப்பு 40 சதவீதம் மட்டும் படும்படி மோத விடுகிறார்கள். பக்கவாட்டில் 50 கி.மீ. வேகத்தில் ஒரு தள்ளுவண்டி வந்து இடிக்கும், 29 கி.மீ. வேகத்தில் கம்பத்தில் மோதும் சோதனையும் உண்டு. தரை சமம், ஆளுக்குப் பதிலாக உட்காரவைக்கும் பொம்மைகளில் பெல்ட் போடாதது ஒன்றுகூடக் கிடையாது, டிக்கியில் கேரட் மூட்டையும் கிடையாது.

64 கி.மீ. என்றால் சின்ன வேகம் என்று தோன்றும். சுமார் 16 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஐந்து மாடி உயரத்திலிருந்து, கீழே விழும் வண்டி அந்த வேகத்தில்தான் தரையைத் தொடும். 80-இல் மோதினால் சக்தி ஒன்றரை மடங்குக்கு மேல், அதற்கு இந்தச் சோதனை பதில் சொல்லாது.

ரிப்போர்ட்டில் முதலில் தேதியைப் பாருங்கள். இதே மாதிரி நம் கார்களைச் சோதித்த வெளிநாட்டு அமைப்பான குளோபல் என்கேப் 2022 ஜூலையில் விதிகளைக் கடுமையாக்கியது, அதற்கு முன் வாங்கிய ஐந்து ஸ்டாரும் இப்போதைய ஐந்து ஸ்டாரும் ஒன்றல்ல. அப்புறம் பாரத் என்கேப் ரிப்போர்ட்டில் பெரியவர்களின் பாதுகாப்புக்கு 32-க்கு எத்தனை, குழந்தைகளுக்கு 49-க்கு எத்தனை என்று தனித்தனியாகப் படியுங்கள். தலை, நெஞ்சு, முழங்கால் படத்தில் எந்த நிறம் என்பதையும் கவனியுங்கள். குளோபல் என்கேப் ரிப்போர்ட் என்றால் பாடிஷெல், அதாவது காரின் கூடு, 'ஸ்டேபிள்' (உறுதியாக நின்றது) என்று இருக்கிறதா பாருங்கள், ஏனென்றால் முன்பக்கம் நசுங்கத்தான் வேண்டும், ஆட்கள் உட்காரும் கூடுதான் நசுங்கக் கூடாது. 'பழைய ஜீப் இரும்பு, இப்போ வருவதெல்லாம் தகரம்' என்று பெட்டிக்கடையில் பேசுகிறவர்களுக்கு இதைச் சொன்னால் ஏறாது, விடுங்கள்.

இனி நம் ரோட்டுக்கு வருவோம். ஒரே எடையுள்ள இரண்டு கார்கள் தலா 30-இல் நேருக்கு நேர் மோதினால், ஒவ்வொன்றுக்கும் அது 30-இல் சுவரில் மோதியது போலத்தான், 60 இல்லை. ஆனால் கொண்டை ஊசி வளைவில் எதிரே வருவது பத்து மடங்கு எடையுள்ள பஸ் என்றால், அதே 30-க்கு 30 மோதலில் உங்கள் கார் கண்ணிமைக்கும் நேரத்தில் 55 கி.மீ. அளவுக்கு வேக மாற்றத்தை வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் ஸ்டாரை ஒரே எடைக் கார்களுக்குள் மட்டும் ஒப்பிட வேண்டும்.

நின்ற லாரியின் பின்னால் போய்ச் சொருகினால் முகப்பு நசுங்குவதற்கு முன்பே லாரியின் அடிப்பலகை கண்ணாடிக்கு வந்துவிடும். தேயிலைத் தோட்டத்துக்குள் உருண்டு போவதையும் இங்கே யாரும் சோதிப்பதில்லை. உருளும்போது ஆளை உள்ளே பிடித்து வைப்பது பெல்ட்தான், ஜன்னலோரம் திரை மாதிரி விரியும் கர்ட்டன் ஏர்பேக் இருந்தால் தலைக்கும் கொஞ்சம் காவல். பின் சீட்டில் பெல்ட் போடாத ஆளும் கட்டாத சாமானும் முன்னால் இருப்பவர் மேல்தான் வந்து விழும்.

பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவதையும் சோதனை காட்டாது. கல்லட்டியின் 36 வளைவுகளில் ஆகட்டும், பர்லியார் இறக்கத்தில் ஆகட்டும், செகண்ட் கியர்தான் உங்கள் பிரேக். ரோடு குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள், சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

காட்டுமாட்டுக்குப் பயந்து முன்னால் புல்பார் என்ற இரும்புச் சட்டம் போடாதீர்கள். 2017-இலேயே தடை செய்துவிட்டார்கள், ஏர்பேக் விரியும் நேரத்தையும் அது கெடுக்கும்.

வண்டி வந்ததும் முதல் வேலையாக சீட் கவர் போடுவீர்கள், தெரியும். அப்போது கடைக்காரர் பின் சீட் பெல்ட்டின் பக்கிளைக் கவருக்கு அடியில் புதைத்துவிடாமல் வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். முன் சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் என்று துணிச்சீட்டு தைத்திருந்தால், அந்தப் பக்கம் மூடாத கவராகக் கேட்டு வாங்குங்கள்.