சிங்குலாரிட்டி நம்பிக்கை ஒரு மதம் மாதிரியா? சோதித்துப் பார்க்க ஒரு வழி

"சிங்குலாரிட்டியா? அது கம்ப்யூட்டர்காரர்களின் மதம்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டவும் வேண்டாம், சண்டைக்குப் போகவும் வேண்டாம். எதைச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள். மனித அறிவை மிஞ்சிய இயந்திரங்கள் வந்து, அதன்பின் உலகம் நம் கணிப்புக்கே எட்டாதபடி மாறிவிடும் என்று சிலர் எதிர்பார்க்கும் கட்டத்துக்குத்தான் சிங்குலாரிட்டி என்று பெயர், ஆனால் அந்த ஒரு பெயருக்குள் பல சங்கதிகளைச் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

அடியில் இருப்பது கணிதவியலாளர் ஐ. ஜே. குட் 1965-இல் எழுதிய வாதம். இயந்திரத்தை வடிவமைப்பதும் அறிவு வேலைதானே, அதனால் மனிதனை மிஞ்சிய ஒரு இயந்திரம் வந்துவிட்டால் அது தன்னைவிடச் சிறந்த ஒன்றை வடிவமைக்கும், அது இன்னொன்றை, இப்படியே போகும். ஒவ்வொரு சுற்றிலும் சிரமம் கூடிக்கொண்டே போனால் வேகம் அடங்கிவிடுமே என்று நீங்கள் மறுக்கலாம். வாதத்துக்கு எதிர்வாதம், அவ்வளவுதான், இதில் மதம் எங்கே இருக்கிறது? ஆனால் கண்டுபிடிப்பாளரும் எழுத்தாளருமான ரே கர்ஸ்வைல் இதன்மேல் ஏற்றி வைத்தது நிறைய: 2045 என்று ஒரு ஆண்டு, மூளை இயந்திரத்தோடு கலப்பது, சாவை வெல்வது, இறந்துபோன தன் அப்பாவை அவர் விட்டுச்சென்ற காகிதங்களை வைத்து ஏதோ ஒரு வடிவில் மீட்பது வரை. குட் சொன்னது சரியாகவே இருந்தாலும் இவையெல்லாம் தானாக வந்துவிடாது. சிங்குலாரிட்டியை நம்பிப் பேசுகிறவர் குட்டின் வாதத்திலிருந்து கர்ஸ்வைலின் வாக்குறுதிகளுக்கு எங்கே தாவுகிறார் என்று கவனியுங்கள், விசுவாசம் இருந்தால் அந்த இடத்தில்தான் இருக்கும்.

அப்புறம் தேதி. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற போதகரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து திரும்பி வருவார் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. பலர் விலகிவிட்டார்கள், ஒரு பிரிவினர் மட்டும் தேதி சரிதான், நடந்தது பரலோகத்தில் என்று விளக்கம் சொன்னார்கள், பின்னாளில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை அவர்களிடமிருந்து வந்தது. சிங்குலாரிட்டி பக்கம் வந்தால், கணிதப் பேராசிரியரும் அறிவியல் புனைகதை எழுத்தாளருமான வெர்னர் விஞ்ச் 1993-இல், முப்பது ஆண்டுக்குள் மனிதனை மிஞ்சும் அறிவை உருவாக்கும் வழி கைக்கு வந்துவிடும் என்றார், கூடவே அது 2005-க்கு முன்போ 2030-க்குப் பின்போ நடந்தால் தனக்கு ஆச்சரியம் என்றும் சொன்னார். தோற்றுப்போவதற்கு இடம் வைத்த பேச்சு அது. ஆகவே சிங்குலாரிட்டியை நம்பும் உங்கள் ஆளிடமும் கேளுங்கள்: எந்த ஆண்டுவரை, எது நடக்காவிட்டால் கைவிடுவீர்கள்? ஆண்டும் அளவுகோலும் சொன்னால் அது கணிப்பு. "தள்ளிப்போகலாம், ஆனால் வராமல் போகாது" என்றால் அவரை மில்லர் பக்கம் சேர்க்கலாம்.

தானோட்டி கார் பொறியாளர் ஆந்தனி லெவண்டோவ்ஸ்கி செயற்கை நுண்ணறிவுக்கென்று ஒரு சபையையே பதிவு செய்தாரே என்று ஆரம்பிக்காதீர்கள், ஒரே ஆளை வைத்து மொத்தக் கூட்டத்தையும் அளக்க முடியாது.

"மதம்" என்று பொதுவாகச் சொல்வதும் சரியில்லை. எல்லா மதத்திலும் கடைசி நாள் கணக்கு கிடையாது. இந்த ஒப்பீடு பொருந்துவது முக்கியமாக உலக முடிவை எதிர்பார்க்கும் மரபுகளுக்குத்தான். சரி, பொருந்துகிறது என்றே வைத்துக்கொள்வோம், அதனால் அது பொய்யாகிவிடுமா? அணு ஆயுதப் பேச்சிலும் உலக முடிவின் சாயல் உண்டு, குண்டுகள் என்னவோ நிஜம்தான். அதனால் கேலி செய்கிறவரையும் விடாதீர்கள்: இயந்திரம் எதைச் செய்து காட்டினால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலையும் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.