ஷாம்பூ நீர்த்துப் போனால் உப்பைத் தொடாதீர்கள்

போன மாதம் ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு ஒரு வீடியோ வந்தது. என்னிடம் ஷாம்பூ தயாரிக்கப் பயிற்சி எடுத்து ஆறு வாரமே ஆன பெண், பெருந்துறைப் பக்கம். நீல நிற டிரம்முக்குள் கரண்டியை விட்டுத் தூக்குகிறாள். ஷாம்பூ மோர் மாதிரி ஒழுகுகிறது. "சாயங்காலம் நல்லாக் கெட்டியா இருந்துச்சுங்க்கா. இன்னுங் கொஞ்சம் கெட்டியாகட்டும்னு ஒரு கை உப்புப் போட்டனுங்க, தண்ணியாப் போயிருச்சு. பத்தலையோன்னு மறுபடி ரெண்டு கை போட்டனுங்க."

பதினொரு வருடத்துக்கு முன்னால் நான் செய்ததும் அச்சு அசல் இதேதான். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் இதே டிரம்மின் முன் நின்று என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன். கையுறை போடுங்கள், எடை போட்டுச் சேருங்கள், லேபிள் ஒட்டுங்கள் என்பதெல்லாம் இதில் இல்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

"கெட்டியாகும்வரை உப்புச் சேர்க்கவும்"

இந்த ஒரு வரிதான் எனக்கு இன்னும் ஆத்திரமூட்டுவது. செய்முறை வீடியோக்களில் இது வருகிறது, மூலப்பொருள் கடைக்காரர் வாயிலும் வருகிறது. பாதி உண்மை என்பதால்தான் இது இவ்வளவு ஆபத்து.

ஷாம்பூவின் அடிப்படையான, அழுக்கை நீக்கி நுரை தரும் எஸ்.எல்.இ.எஸ். (சோடியம் லாரெத் சல்பேட்) தண்ணீரில் தனித்தனி மூலக்கூறாக நிற்பதில்லை. எண்ணெயை நாடும் வால்களை உள்ளே மடக்கி, நீரை நாடும் தலைகளை வெளியே காட்டி, சின்னச் சின்ன உருண்டைகளாகக் கூடிக்கொள்கிறது. மிசெல் என்பது இதைத்தான். தலைகள் எல்லாமே எதிர்மின் சுமை கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். உப்பைப் போட்டால் சோடிய அயனிகள் இடையில் புகுந்து அந்தத் தள்ளலைத் தணிக்கும். தலைகள் நெருங்கும், உருண்டை நீளும், புழுப்போல ஆகும். அந்தப் புழுக்கள் இடியாப்பச் சிக்கல் மாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். நாம் கெட்டி என்று சொல்வது அந்தப் பின்னலைத்தான்.

இதுவரை வீடியோ சொல்வது சரி. அது சொல்லாதது அடுத்த பாதி. உப்பு இன்னும் ஏறினால் புழுக்கள் கிளைவிடும். கிளைவிட்ட கண்ணிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடும், பின்னல் இளகும், ஷாம்பூ நீர்க்கும். அதற்கும் மேலே போட்டால் கலங்கும், சில சமயம் இரண்டு அடுக்காகப் பிரியும். மலை ஏறுவது போலத்தான்: உச்சி வரை கெட்டி, உச்சி தாண்டினால் இறக்கம். இறக்கத்தில் நிற்பவர் ஏற்றத்தில் நிற்பதாக நினைத்து இன்னும் உப்பைப் போடுகிறார். கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரித் தண்ணீராகத்தான் தெரியும்.

உச்சி எங்கே இருக்கிறது என்பதற்குப் பொதுவான எண் கிடையாது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று சதவீத உப்புக்குள் வரும். ஆனால் நீங்கள் போடும் உப்பு மட்டும் கணக்கில்லை. எஸ்.எல்.இ.எஸ்.ஸுக்குத் துணையாகச் சேர்க்கும் நுரைப்பொருளான கோகோ பீட்டெய்ன் தயாராகும்போதே உப்பு அதிலேயே உண்டாகிவிடுகிறது. கடையில் கிடைக்கும் சாதாரண ரகத்தில் ஏறக்குறைய ஐந்து சதவீதம் உப்புதான். பத்து கிலோ பீட்டெய்ன் ஊற்றினால் அரை கிலோ உப்பைக் கொட்டியதாகவே எண்ணுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் போட்டால் அதன் உப்பும் சேரும். நான் ஆர்.ஓ. தண்ணீரைத் தவிர வேறெதையும் டிரம்மில் விடுவதில்லை.

சூடு இன்னொரு கண்ணி. எஸ்.எல்.இ.எஸ். பேஸ்ட்டைக் கரைக்க வெந்நீர் விட்டிருப்பார்கள், கலவை இன்னும் கைச்சூட்டுக்கு மேலே இருக்கும். சூட்டில் எந்தக் கலவையும் இளகலாகத்தான் நிற்கும். அதைப் பார்த்து உப்பைக் கொட்டினால், காலையில் ஆறின டிரம்மில் கரண்டி நட்டபடி நிற்கும், பம்ப் பாட்டிலில் ஏறவே ஏறாது. வாசனைத் திரவமும் கெட்டியை மாற்றும். சிலது இளக்கும், சிலது இறுக்கும். எலுமிச்சை வாசனைக்கு நான் கண்டுபிடித்த உப்பளவு மல்லிகைக்குப் பொருந்தவே இல்லை. அதனால் உப்பு எப்போதும் கடைசி: வாசனை, நிறம், பதனப்பொருள், பிஎச் (அமில-கார அளவு) எல்லாம் முடிந்து, அறைச் சூட்டுக்கு ஆறிய பிறகு.

என் கதைக்கு வருகிறேன். ஈரோட்டில் மூன்று அழகு நிலையங்களுக்கு முதல் ஆர்டர், 100 லிட்டர். சனிக்கிழமை சாயங்காலம் நன்றாகக் கெட்டியாகத்தான் இருந்தது. கெட்டியாக இருந்தால்தான் வாடிக்கையாளர் நல்ல சரக்கு என்று நம்புவார் என்று ஒரு பிடி கூடப் போட்டேன். அன்றிரவு மொத்தம் எவ்வளவு உப்புப் போட்டேன் என்பது எனக்கே தெரியாது, எடை போடவில்லை. அதுதான் பெரிய நஷ்டம். எவ்வளவு போட்டோம் என்று தெரிந்திருந்தால் கலவையைக் காப்பாற்றியிருக்கலாம். ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் சரக்கு வீணானது. மூன்றில் இரண்டு நிலையங்கள் மறுபடி என்னை அழைக்கவில்லை.

இப்போது நான் செய்வது இது. உப்பில்லாத கலவையிலிருந்து நூறு நூறு கிராமாக எட்டுக் கண்ணாடி டம்ளர்களில் எடுக்கிறேன். முதல் டம்ளரில் உப்பே இல்லை, அடுத்ததில் அரை கிராம், அடுத்ததில் ஒரு கிராம், இப்படி அரை அரை கிராமாக ஏற்றுகிறேன். அயோடின் கலக்காத தூய உப்பு. ஒவ்வொன்றையும் மெல்லக் கலக்கி, மூடி, ஒரு ராத்திரி விட்டுவிடுகிறேன். காலையில் வரிசையாகச் சாய்த்துப் பார்த்தால் மலை முழுதும் கண்முன் நிற்கும்: மூன்றாவது டம்ளரில் காற்றுக்குமிழ் மெதுவாக ஏறும், நான்காவதில் பாதியிலேயே நின்றுவிடும், ஆறாவதில் சரசரவென்று மேலே வந்துவிடும். நான் எடுப்பது உச்சியை அல்ல. உச்சிக்கு ஒரு டம்ளர் முன்னால் இருப்பதை. கோடைக்கும் மார்கழிக்கும், அடுத்த முறை வரும் பீட்டெய்னுக்கும் அந்த இடைவெளி வேண்டும்.

டிரம்மில் போடும்போதும் கல்லுப்பாகக் கொட்டுவதில்லை. 200 கிராம் உப்பை 800 கிராம் தண்ணீரில் கரைத்து, அந்தத் தண்ணீரையும் மொத்தக் கணக்கில் கழித்துக்கொண்டு, கொஞ்சங் கொஞ்சமாக விடுகிறேன்.

ஏற்கெனவே உச்சி தாண்டிவிட்டதா? உப்பைத் தொடாதீர்கள். ஒரு டம்ளரில் கொஞ்சம் எடுத்து, அதில் உப்பே போடாத அதே கலவையைச் சிறிது சேர்த்துப் பாருங்கள். கெட்டியானால் நீங்கள் இறக்கத்தில் இருக்கிறீர்கள் என்று உறுதி. உப்பில்லாத கலவையை இன்னொரு டிரம்மில் தயாரித்து இரண்டையும் டம்ளர் கணக்கிலேயே கலந்துகொண்டு வாருங்கள். பெருந்துறைப் பெண்ணுக்கு 50 லிட்டர் தேவைப்பட்ட இடத்தில் 110 லிட்டர் வந்தது. விற்க நாளாகும், ஆனால் ஒரு சொட்டும் சாக்கடைக்குப் போகவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கெட்டி என்பது தரம் அல்ல. எட்டு சதவீதம் மட்டுமே அழுக்கு நீக்கும் பொருள் உள்ள கலவையையும் உப்பால் தேன் போல நிறுத்திவிடலாம்.

சல்பேட் இல்லாத கலவைக்கும் உப்பு

சல்பேட்டுக்குப் பதிலாக டெசில் குளுக்கோசைடு, கோகோ குளுக்கோசைடு என்ற நுரைப்பொருள்களை மட்டும் வைத்துச் செய்தவர்களும் உப்பைக் கொட்டுகிறார்கள். அவற்றின் தலையில் மின்சுமையே இல்லை, உப்புக்கு அங்கே வேலை இல்லை. சாந்தன் கம் போன்ற பசை வேண்டும். டெசில் குளுக்கோசைடு கடையிலிருந்து வரும்போதே பிஎச் 11-க்கு மேல் இருக்கும். சிட்ரிக் அமிலம் விட்டு இறக்காமல் யார் தலையிலும் வைக்காதீர்கள்.

28-ஐயும் 70-ஐயும் குழப்புவது

எஸ்.எல்.இ.எஸ். 70 சதவீதப் பேஸ்ட்டாகவும் 28 சதவீதத் திரவமாகவும் விற்கிறது. செய்முறையில் "40 கிலோ" என்று திரவத்தைச் சொல்லியிருந்தால் உள்ளே இருக்கும் பொருள் 11.2 கிலோ, அதே அளவு பொருளுக்குப் பேஸ்ட் வெறும் 16 கிலோ போதும். அதே 40 கிலோவைப் பேஸ்ட்டில் போட்டவரின் ஷாம்பூவை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். இரண்டு முறை குளித்தால் முடி தேங்காய் நார்தான். வாங்கும்போது ஒவ்வொரு லாட்டுக்கும் பகுப்பாய்வுச் சான்று கேளுங்கள். சதவீதம், உப்பு, பிஎச் மூன்றும் அதில் இருக்கும்.

பேஸ்ட்டின்மேல் தண்ணீர் ஊற்றுவது

தண்ணீர் விட்டால் இளகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 70 சதவீதத்திலிருந்து 30 சதவீதத்துக்கு இறங்கும் வழியில் அது பேஸ்ட்டை விடக் கெட்டியான ஜெல்லாகும், மிக்சி மோட்டாரே நின்றுவிடும். முழுத் தண்ணீரையும் முதலில் எடுத்து, அதில் பேஸ்ட்டைக் கொஞ்சங் கொஞ்சமாக விடுங்கள்.

பென்சோயேட் போட்டேனே, ஏன் நாறுகிறது?

பதனப்பொருளாகப் போடும் சோடியம் பென்சோயேட் அமிலமாக மாறினால்தான் கிருமிக்கு எதிராக வேலை செய்யும். பிஎச் 5-இல் ஏழில் ஒரு பங்குதான் அந்த வடிவத்தில் இருக்கும். 6-இல் நூற்றில் ஒன்றரைப் பங்கு. 7-இல் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அதற்காகப் பிஎச்சை நாலுக்குக் கீழே இறக்கினால் எஸ்.எல்.இ.எஸ். நாளடைவில் உடையும். நான் ஐந்தரையில் நிறுத்தி, பீனாக்சிஎதனால் சார்ந்த பதனப்பொருளுக்கு மாறிவிட்டேன்.

கண்டிஷனர் பொருளை ஷாம்பூவில் கலப்பது

செட்ரிமோனியம் குளோரைடு நேர்மின், எஸ்.எல்.இ.எஸ். எதிர்மின். திரிந்த பால் மாதிரி ஆகிவிடும். அதற்குப் பதிலாக, ஷாம்பூவோடு ஒத்துப்போகும் கண்டிஷனர் பொருளான பாலிகுவாட்டர்னியம்-10 போடுங்கள்.

ஆசிட் ஸ்லரி

இது பாத்திரம் கழுவும் திரவத்தில் போடும் அழுக்கு நீக்கும் பொருள். தலைக்கு வேண்டாம்.

உரிமம்

விற்பனைக்கு என்றால் அழகுசாதனப் பொருள் விதிகள், 2020-இன்படி தயாரிப்பு உரிமம் வேண்டும். முதல் பாட்டில் கைமாறும் முன்பே.