பாட்டும் போட்டு விமர்சனமும் சொல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாரம் முழுக்கப் பாட்டுப் போட்டுப் பேசும் ஆர்.ஜே.யே புதுப்படம் வந்ததும் விமர்சனமும் சொல்வது சென்னை எஃப்.எம்.களுக்குப் புதிதல்ல. இரண்டு வேலைக்கும் தேவை ஒன்றுதான்: 'இவர் சொன்னா சரியா இருக்கும்' என்று நேயர் நினைக்க வேண்டும். அந்த நினைப்பைக் கெடுக்கும் தவறுகளில் பாதி, மைக் முன்னால் உட்காரும் முன்பே நடந்துவிடுகின்றன.

பெயர்களிலிருந்து தொடங்குவோம். இணையத்தில் கிடைத்ததை அப்படியே வாசித்து, ஒருவர் பாட்டை இன்னொருவர் கணக்கில் எழுதுவது சர்வ சாதாரணமாகிவிட்டது. 'அடுத்தாத்து அம்புஜத்தைப் பார்த்தேளா' வருகிறது என்று வையுங்கள். 1968இல் வந்த 'எதிர்நீச்சல்', கே. பாலசந்தர் படம். உடனே எம்.எஸ்.வி. என்று வாய் தானாகப் போகும். இசை வி. குமார், எழுதியவர் வாலி. அதேபோல 1965இல் பிரியும்வரை விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையர் பெயரில் வந்த பாடல்களை 'எம்.எஸ்.வி. மெலடி' என்று சுருக்கினால், ஒரு மனிதரின் உழைப்பே காணாமல் போகிறது. மயிலாப்பூரிலோ பெரம்பூரிலோ கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவருக்கு அது தெரியும். அவர் போன் போட்டுத் திருத்த மாட்டார், ஸ்டேஷனை மாற்றிவிடுவார். படத்தின் டைட்டில் கார்டையோ இசைத்தட்டு உறையையோ பார்த்து உறுதிசெய்ய ஐந்து நிமிடம் போதும்.

முன்னிசை முழுக்கப் பேசி, பாடகர் வாயைத் திறக்கும் நொடியில் நிறுத்துவதை ஆர்.ஜே.க்கள் ஒரு வித்தையாகவே பயில்கிறார்கள். எல்லாப் பாட்டுக்கும் அது ஒத்துவராது. இளையராஜாவின் பல பாடல்களில் முன்னிசையே பாட்டின் பாதி. அங்கே பேசாதீர்கள்.

இப்போது விமர்சனத்துக்கு வருவோம். பத்திரிகை விமர்சகருக்கு இல்லாத ஒரு சிக்கல் வானொலிக்காரருக்கு உண்டு. படம் வருவதற்குப் பல வாரம் முன்பே அதன் பாட்டு பிளேலிஸ்ட்டில் ஏறிவிடும். ஒரு நாளைக்குப் பலமுறை காதில் விழுந்து, சுமாரான பாட்டும் பழகிப்போய் நல்ல பாட்டு மாதிரி தோன்றும். அந்தப் பழக்கத்தோடு தியேட்டருக்குப் போய்விட்டு 'பாட்டெல்லாம் ஹிட், படமும் பிரமாதம்' என்று சொல்வது நேயருக்குச் செய்யும் அநியாயம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தப் பாட்டு கதையில் எங்கே வருகிறது, வந்ததால் காட்சி நகர்ந்ததா நின்றதா?

அதைவிடப் பெரிய சிக்கல், புதன்கிழமை படக்குழுவை ஸ்டூடியோவில் உட்காரவைத்துச் சிரிக்கச் சிரிக்கப் பேட்டி எடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை அதே படத்துக்கு மார்க் போடுவது. அந்தப் படத்தின் விளம்பரமும் அதே அலைவரிசையில் ஓடிக்கொண்டிருக்கும். இந்த நிலையில் நடுநிலை சாத்தியம் என்று நான் நம்பவில்லை. பேட்டி எடுத்தவர் ஒருவர், விமர்சிப்பவர் இன்னொருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால், 'இந்தப் படக்குழு இந்த வாரம் நம்ம நிகழ்ச்சிக்கு வந்தாங்க' என்று விமர்சனத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். காசு வாங்கிக்கொண்டு சோஷியல் மீடியாவில் போடும் பதிவுக்கு விளம்பரம் என்ற அடையாளம் வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் 2021இலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது.

தயாரிப்பாளர்கள் 2024இல், படம் வெளியான முதல் மூன்று நாள் இணையத்தில் விமர்சனமே வரக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள்; நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது. விமர்சிக்கும் உரிமை நமக்கு இருக்கிறது. அதனால்தான் இடைவேளையிலேயே தீர்ப்பு எழுதுவதும், நடிகரின் உடம்பையும் நிறத்தையும் கிண்டல் செய்வதும் கூடவே கூடாது.

'கேமரா சூப்பர், எடிட்டிங் ஷார்ப், பி.ஜி.எம். வேற லெவல்' என்ற வாக்கியத்தை எந்தப் படத்துக்கும் ஒட்டலாம்; எனவே எதற்கும் ஒட்டாதீர்கள். ஒரே ஒரு காட்சியை எடுத்து, வெளிச்சம் எங்கிருந்து வந்தது, இசை எப்போது நின்றது என்று சொல்லுங்கள். படம் பார்க்காதவருக்கும் அது புரியும். முக்கியத் திருப்பத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அச்சில் என்றால் வாசகர் அந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். ஷேர் ஆட்டோவில் டிரைவர் வைத்த வானொலியைக் கேட்பவர் காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

கடைசியாக வேலை சம்பந்தமாக ஒன்று. பல ஆர்.ஜே.க்கள் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார்கள். நிகழ்ச்சியின் பெயரும் பழைய ஒலிப்பதிவுகளும் யாருக்குச் சொந்தம் என்பதைக் கையெழுத்துக்கு முன் படியுங்கள். சொந்தமாக யூடியூப் சேனல் தொடங்கினால், வானொலியில் போட்ட பாட்டையே அங்கேயும் போட்டுப் பேசலாம் என்று நினைக்காதீர்கள். பாட்டுக்கான உரிமம் நிலையம் வாங்கியது, ஒலிபரப்புக்கு மட்டுமே உரியது. உங்கள் சேனலில் காப்பிரைட் புகார் வந்து வீடியோ போய்விடும். பாட்டைப் பற்றிப் பேசுங்கள், தேவையான இரண்டு வரியை நீங்களே பாடிக் காட்டுங்கள், முழுப் பாட்டுக்கு அதிகாரபூர்வ வீடியோவின் லிங்க்கைக் கொடுங்கள்.